சுவரில் விளையும் பளிங்கு

தி. நகரிலோ அடையாற்றிலோ ஒரு பெயின்ட் கடைக்குள் நுழைந்து, ஹாலில் ஒரு சுவரை மட்டும் கொஞ்சம் விசேஷமாகச் செய்ய வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் தடித்த கேட்லாக் ஒன்றை எடுத்து விரிப்பார். இத்தாலியச் சலவைக்கல், பூசாத கான்கிரீட், துருவேறிய இரும்பு, தேக்குப் பலகை, கசங்கிய பட்டு என்று பக்கத்துக்கு ஒரு சாயல் இருக்கும். டெக்ஸ்சர், மெட்டாலிக், ஸ்பாஞ்ச், ஸ்டென்சில் என்று வகைகள் நீளும். கூலி சதுர அடிக் கணக்கு.

ஒரு பொருளுக்கு இன்னொரு பொருளின் தோற்றத்தைக் கொடுக்கும் இந்தக் கலையில் சென்னைக்கு நீண்ட பழக்கம் உண்டு. கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் ஓவியராகச் சென்ற வில்லியம் ஹாட்ஜஸ் 1780-ல் சென்னைக்கு வந்தார். தம் இந்தியப் பயண நூலை 1793-ல் வெளியிட்டார். இவ்வூர்க் கட்டடங்களின் சுண்ணாம்புப் பூச்சு சலவைக்கல்லுக்கு இணையான மெருகைப் பெறுவதை அதில் வியந்து எழுதியிருக்கிறார். செங்கல்லால் எழுப்பிய தூண்களும் சுவர்களும் கடலிலிருந்து பார்ப்பவருக்குப் பளிங்கு மாளிகைகளாகத் தெரிந்தன. அந்தப் பூச்சு ‘மெட்ராஸ் சுனம்’ என்ற பெயரில் ஐரோப்பியர் எழுத்துகளில் மறுபடி மறுபடி வருகிறது.

அந்த வேலைப்பாட்டை நின்று பார்க்க வேண்டுமென்றால் கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்துக்குப் போகலாம். கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் வரைபடம் தர, தாமஸ் டி ஹாவிலண்ட் மேற்பார்வையில் 1815-ல் கட்டப்பட்ட ஆலயம் அது. அண்ணா சாலைப் பக்கம் அரசினர் தோட்டத்தில் இருக்கும் ராஜாஜி மண்டபம் 1802-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டிய ஜான் கோல்டிங்ஹாம் தொழிலால் வானியலாளர். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு வித்திட்ட நில அளவைப் பள்ளிக்குத் தலைமை வகித்தவரும் அவரே. இந்தக் கட்டடங்களின் புகழில் வரைந்தவர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. தூண்களுக்கு மெருகேற்றிய கொத்தனார்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் கையாண்ட வேதியியலை இன்று ஒவ்வொரு படியாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது. அதைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டுச் சுவருக்கு எதைப் பூசலாம், எதைப் பூசக் கூடாது என்பதும் தெளிவாகும்.

கிளிஞ்சல் கல்லாகும் வழி

சலவைக்கல் என்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கி, புதிய படிகங்களாக மாறினால் சலவைக்கல் கிடைக்கிறது. கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட்தான். சிப்பிக்குள் வாழும் உயிர் கடல்நீரிலிருந்து கால்சியத்தைப் பிரித்தெடுத்துத் தன் ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. மண்ணும் இரும்பும் அதில் மிகக் குறைவு. அதனால்தான் கிளிஞ்சல் சுண்ணாம்பு கல் சுண்ணாம்பைவிட வெள்ளையாக இருக்கிறது. பழவேற்காடு போன்ற ஏரிகளிலும் கழிமுகங்களிலும் கிளிஞ்சல் படுகைகள் இருந்ததால் மூலப்பொருளுக்குச் சென்னை தொலைவில் தேட வேண்டியிருக்கவில்லை.

கிளிஞ்சலைக் காளவாயில் இட்டு, ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அப்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 100 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 44 கிராம் வாயுவாகப் போய்விடும், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகாயத்தில் கலந்துவிடுகிறது. மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பின் மேல் தண்ணீர் விட்டால் சீறிக்கொண்டு கொதிக்கும். வெளியடுப்பு எதுவும் இல்லாமலே ஆவி பறக்கும். இந்த நீற்றலில் 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரை உள்ளே இழுத்து 74 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடாகிறது. நாம் நீற்றிய சுண்ணாம்பு என்று சொல்வது இதைத்தான்.

சுவரில் பூசியதும் இந்தப் பயணம் திரும்பி நடக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பூச்சின் நுண்துளைகள் வழியாக உள்ளே புகுகிறது. அங்கிருக்கும் ஈரத்தில் கரைகிறது. கரைந்த சுண்ணாம்புடன் சேர்ந்து மீண்டும் கால்சியம் கார்பனேட் படிகமாகிறது. வெளியே போன 44 கிராம் திரும்பி வந்து சேர்கிறது, 18 கிராம் தண்ணீர் விடுபடுகிறது. பூச்சில் கலந்த மணலையும் பிறவற்றையும் தவிர்த்துப் பார்த்தால், சுவரின் மேல் கடைசியில் இருப்பது கிளிஞ்சலாக இருந்த அதே பொருள், சலவைக்கல்லில் இருக்கும் அதே பொருள். மெட்ராஸ் சுண்ணாம்பு மெருகைப் போலிப் பளிங்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான். பூமி வெகுகாலம் எடுத்துச் செய்வதைக் கொத்தனாரின் கை வேறு வழியில் சில மாதங்களில் செய்து முடித்தது.

இந்த மாற்றம் மெதுவாகவே நடக்கும். காற்றில் கார்பன் டை ஆக்சைடின் அளவு வெறும் 0.04 சதவீதம். அது மேற்பரப்பில் வேலையை முடித்துவிட்டு, இறுகிக்கொண்டே போகும் அடுக்கைத் துளைத்து அடுத்த அடுக்குக்கு இறங்க வேண்டும். ஆழம் கூடக் கூட வேகம் குறையும். முதல் மில்லிமீட்டருக்கு எடுத்த காலத்தைவிட இரண்டாம் மில்லிமீட்டருக்குப் பல மடங்கு கூடுதலாகும். ஈரமும் அளவாக இருக்க வேண்டும். பூச்சு முழுக்க நனைந்து கிடந்தால் வாயு உள்ளே போக முடியாது, ஏனென்றால் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அடியோடு காய்ந்துவிட்டாலோ வாயு கரைய ஈரமே இல்லாமல் வேலை நின்றுபோகும். சித்திரை வெயிலில் பூசிய சுண்ணாம்பு வெடித்து மாவாக உதிர்வதும், ஐப்பசி மழையில் பூசியது வாரக் கணக்கில் இறுகாமல் கிடப்பதும் இதனால்தான். கடலோர நகரத்தின் மிதமான ஈரக்காற்று இந்த வேலைக்குத் துணை. காலம் பார்த்துப் பூசத் தெரிந்தவர் அந்தத் துணையை வீணாக்குவதில்லை.

வெல்லமும் கடுக்காயும் முட்டையும்

1732-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வெளியானது. எழுதியவர் செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக். சென்னையில் மிகச் சிறந்த காரை தயாரிக்கும் முறை என்பது அதன் பொருள். வெல்லம் கரைத்த நீர், பயறு வேகவைத்த கஞ்சி, கடுக்காய் ஊறிய சாறு, முட்டை வெள்ளை, நெய், மோர் எல்லாம் அந்தக் குறிப்பில் வருகின்றன. நியூட்டன் தலைமை வகித்த அமைப்பின் இதழில் நம் ஊர்க் கொத்தனார்களின் கைப்பக்குவம் இடம்பெற்றது. அவர்கள் சேர்த்த ஒவ்வொரு பொருளுக்கும் இன்று வேதியியல் காரணம் காட்ட முடியும் என்பது அதைவிடப் பெருமைக்குரியது.

வெல்லத்தை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு தண்ணீரில் அதிகம் கரையாது. 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 1.7 கிராம் அளவே கரையும். சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்புடன் இணைந்து கரையும் சேர்மங்களை உண்டாக்குவதால் இந்த அளவு பல மடங்கு கூடுகிறது. கரைந்த சுண்ணாம்பு கூடுதலாக இருந்தால் மணல் துகள்களின் இடுக்குகளுக்குள் அது நன்றாகப் பாயும். பின்பு அங்கேயே படிகமாகி இறுகும்.

கடுக்காயில் டானின் நிறைய உண்டு. தோல் பதனிடவும் துணிக்குச் சாயம் ஏற்றவும் கடுக்காய் பயன்பட்டு வந்ததற்கு அந்த டானினே காரணம். காரையில் அது நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகாமல் பிரித்து வைக்க உதவுகிறது. குறைந்த தண்ணீரிலேயே காரை குழைவாக வரும். தண்ணீர் குறைந்தால் காயும்போது சுருக்கம் குறையும், வெடிப்பும் குறையும். வெல்லமும் கடுக்காயும் பழுப்பு நிறம் ஏற்றுபவை. ஆகவே அவற்றுக்கு உகந்த இடம் அடிப்பூச்சு.

வெண்மை முக்கியமான மேல்பூச்சில் முட்டை வெள்ளையும் தயிரும் நெய்யும் வேலை செய்கின்றன. சுண்ணாம்பின் பி.எச். அளவு 12-க்கு மேல். அந்தக் கடும் காரத்தில் முட்டைப் புரதத்தின் சுருண்ட இழைகள் அவிழ்ந்து நீண்டு, துகள்களைப் பிணைத்து நிறுத்துகின்றன, ஈரம் திடீரென்று ஓடிவிடாமல் பிடித்தும் வைக்கின்றன. தயிரிலுள்ள கேசீன் சுண்ணாம்புடன் சேர்ந்தால் தண்ணீரில் எளிதில் கரையாத பசையாகிறது. மரத்தை ஒட்டத் தச்சர்கள் ஒரு காலத்தில் இதே கூட்டைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நெய்யின் கொழுப்பு சுண்ணாம்போடு வினைபுரிந்து கால்சியம் சோப்பாகிறது. துணி துவைக்கும் சோப்பு தண்ணீரில் கரையும், இது கரையாது. பூச்சின் மேல் மெல்லிய நீர்விலக்கிப் படலமாக அது நின்றுவிடுகிறது. மொராக்கோவின் மராகேஷ் நகரத்தில் குளியலறைச் சுவர்களுக்கும் தொட்டிகளுக்கும் செய்யும் ‘தடலக்ட்’ பூச்சில் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தேய்ப்பது இதே வினைக்காகத்தான். ராஜஸ்தானில் ‘ஆராயிஷ்’, இத்தாலியில் ‘மார்மொரினோ’ என்று இந்தக் குடும்பத்துக்குப் பல கிளைகள் இருக்கின்றன. அந்தந்த ஊரில் கிடைத்ததை அந்தந்த ஊர் கலந்துகொண்டது.

கலப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்கு அடியில் மாதக் கணக்கில் ஊறப்போட வேண்டும். மேலே தண்ணீர் நிற்பதால் காற்று படாது, சுண்ணாம்பு கெடாது. உள்ளேயோ படிகங்கள் மாறிக்கொண்டிருக்கும். பட்டகம் போல் நீண்டு பருத்தவை சிறுத்து, ஒரு மைக்ரானுக்கும் குறைவான மெல்லிய தகடுகளாகும். 1990-களில் மின்னணு நுண்ணோக்கியில் இதைப் படமெடுத்துக் காட்டினார்கள். ஊறின சுண்ணாம்பு வெண்ணெய் போல வழவழவென்று வரும் என்று வேலைக்காரர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்ததற்கு அந்தத் தகடுகளே விளக்கம். அதன்பின் அம்மியில் மைபோல அரைத்தெடுத்தால்தான் மேல்பூச்சுக்குத் தேறும்.

கூழாங்கல்லும் சுவரின் வியர்வையும்

பூச்சு மூன்று அடுக்கு. முதலடுக்கில் மணல் கூடுதல், செங்கல்லின் மேடுபள்ளத்தை அது நிரப்பும். இரண்டாவது நைசானது, மட்டம் பார்ப்பதற்கு. மூன்றாவது வெண்மையான மெல்லிய மேல்பூச்சு. ஒன்று முழுக்கக் காய்வதற்கு முன் அடுத்தது ஏற வேண்டும். அப்போதுதான் கீழடுக்கின் ஈரத்திலிருக்கும் சுண்ணாம்பும் மேலடுக்கின் சுண்ணாம்பும் சேர்ந்து படிகமாகி, இரண்டும் ஒரே உடலாகும்.

மெருகேற்றும் தருணத்தைக் கொத்தனார் விரலால் கண்டுபிடிக்கிறார். விரலை அழுத்தினால் தடம் பதியக் கூடாது, ஆனால் தோலில் குளிர்ச்சி தெரிய வேண்டும். முந்திவிட்டால் கல் பூச்சை இழுத்துக் கிழிக்கும். பிந்திவிட்டால் மேலே கீறல் விழுமே தவிரப் பளபளப்பு வராது. சரியான நேரத்தில் மாக்கல் பொடியை மெல்லிய துணியில் கட்டித் தட்டித் தூவுகிறார். வழவழப்பான கூழாங்கல்லையோ ஸ்படிகக் கல்லையோ உள்ளங்கையில் பிடித்து, ஒரே அழுத்தத்தில், சிறு சிறு வட்டமாகத் தேய்க்கத் தொடங்குகிறார். ஒரு வட்டம் முடியும் இடத்தில் அடுத்தது ஏற வேண்டும், நடுவில் இடம் விடக் கூடாது. முதலில் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே சரசரவென்ற சத்தம் கேட்கும். தேய்க்கத் தேய்க்கச் சத்தம் குறைந்து, கல் வழுக்கிக்கொண்டு ஓடும். சத்தம் அடங்கிய இடத்தில் மெருகு ஏறிவிட்டது என்று பொருள்.

கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் மாக்கல்லின் முக்கியக் கனிமமான டால்க்குக்கு 1, கால்சைட்டுக்கு 3, ஸ்படிகத்துக்கு 7. எனவே ஸ்படிகம் தேயாமல் சுண்ணாம்பை அழுத்தும். டால்க்கின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, கல் பிராண்டாமல் காக்கும். அந்த அழுத்தத்தில் சுண்ணாம்பின் நுண்தகடுகளும் சுவருக்கு இணையாகப் படுத்து அடுக்கடுக்காக இறுகும். மேல்துளைகள் அடைபடும். நாள் செல்லச் செல்ல ஹைட்ராக்சைடு கார்பனேட்டாக மாறும்போது திடப்பொருளின் கன அளவு 10 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. எஞ்சிய நுண்ணிய இடைவெளிகளை அது நிரப்பிக்கொள்கிறது.

தேய்த்து முடித்த சுவர் வியர்க்கும். அழுத்தத்தில் உள்ளிருந்து பிதுங்கும் நீரும், சுண்ணாம்பு கல்லாகும்போது விடுபடும் நீரும் மேலே முத்து முத்தாக அரும்பும். அந்த நீரில் கரைந்த சுண்ணாம்பு இருக்கிறது. அப்படியே காய விட்டால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகப் படிந்து மெருகைக் கெடுத்துவிடும். அதனால் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் வேலையில்லை இது. சுவர் வியர்ப்பது நிற்கும் வரை பல நாட்கள் தொடர வேண்டும். அந்தப் பொறுமைதான் இந்தக் கலையின் விலை. நாள் கணக்குப் பார்த்து ஒப்பந்தம் போடும் இன்றைய கட்டுமானத் தொழிலில் இது சுருங்கிப் போனதற்கும் அதுவே காரணம்.

பளிங்கின் ஒளி

வெள்ளையடிக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மட்டையால் அடித்த ஈரத்தில் சுண்ணாம்பு மங்கலாக, அடிச்சுவர் தெரியும்படி இருக்கும். காய்ந்தபின்தான் பளீரென்று வெளுக்கும். பொருள் மாறவில்லை, துகள்களைச் சுற்றியிருக்கும் ஊடகம் மாறியது. ஒளியை வளைக்கும் திறனைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் சுண்ணாம்புப் படிகத்துக்குச் சுமார் 1.6. தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. படிகத்தின் எண்ணுக்கும் ஊடகத்தின் எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு கூடினால் ஒளி கூடுதலாகச் சிதறும், சிதறிய ஒளியே வெண்மை. தண்ணீர் போய்க் காற்று வந்ததும் வேறுபாடு கூடுகிறது, சுவர் வெளுக்கிறது.

சலவைக்கல்லின் அழகு இரண்டு ஒளிகளால் ஆனது. ஒன்று, மேற்பரப்பில் பட்டுக் கண்ணாடி போலத் திரும்பும் ஒளி. மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளமான 0.4 முதல் 0.7 மைக்ரானைவிடச் சிறியதாக இருந்தால்தான் அது கிடைக்கும். இன்னொன்று, உள்ளே சற்றுத் தூரம் புகுந்து, படிகங்களிடையே சிதறி, வேறோர் இடத்தில் வெளிவரும் ஒளி. பளிங்குச் சிலையின் கன்னத்தில் உயிர் இருப்பதாகத் தோன்றுவது இந்த இரண்டாவது ஒளியால். மெருகேற்றிய சுண்ணாம்பில் இரண்டும் உண்டு. நுண்துளைகள் கூடுதல் என்பதால் ஒளி ஆழமாகப் புகாது, அதனால் அது பளிங்கைவிடக் கூடுதல் வெண்மையாக இருக்கும். ஆனாலும் ஒளி திரும்புவது ஒரே மேற்பரப்பிலிருந்து அல்ல என்பதைக் கண் உணர்ந்துகொள்கிறது.

இன்றைய பெயின்டர் பளிங்குச் சாயல் போடும்போது கையாள்வதும் இதே விதியைத்தான். சாதாரண எமல்ஷனில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, சுற்றியுள்ள பிசினுக்குச் சுமார் 1.5. ஒளி உடனே சிதறிவிடும், அடியில் இருப்பது மறைந்துவிடும். சுவர் வெளுக்கும், ஆழம் தெரியாது. அலங்காரப் பூச்சுக்கு கிளேஸ் என்ற கண்ணாடித்தன்மையான கலவையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் நிறமி மிகக் குறைவு. ஒளி அதனூடே இறங்கி, அடிநிறத்தில் பட்டு, மறுபடி அதனூடே ஏறி வருகிறது. ஒரே நிறத்தை இரண்டு முறை கடப்பதால் சாயல் கனிகிறது. கிளேஸ் மெதுவாகக் காய்வதால் ஸ்பாஞ்சால் ஒற்றவும், துணியைச் சுருட்டி உருட்டவும், இறகால் நரம்பு இழுக்கவும் நேரம் கிடைக்கிறது. ஒரே தடித்த கோட்டுக்குப் பதிலாக மூன்று மெல்லிய கோட் போட வேண்டும் என்று நல்ல பெயின்டர் பிடிவாதம் பிடித்தால், அதற்குப் பின்னால் இந்த இயற்பியல் இருக்கிறது. மெட்டாலிக் பூச்சில் தங்கம் எதுவும் இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லியதாகப் படிந்த அப்பிரகத் தகடுகள் அவை. படலத்தின் தடிமனுக்கு ஏற்பத் தங்கமாகவோ நீலமாகவோ மின்னும்.

மரச் சாயலுக்கு மரத்தின் உடற்கூறு தெரிய வேண்டும். தேக்கில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக அமைகின்றன. மரத்தைப் பலகையாக அறுக்கும்போது ரம்பம் வளையங்களைத் தொட்டுக்கொண்டு சாய்வாகப் போனால் நடுவில் கோபுரம் கோபுரமாக வளைந்த வரிகள் தெரியும். மையத்தை நோக்கி அறுத்தால் நேர்க்கோடுகள் வரும். ஈட்டியில் துளைகள் பரவலாக இருப்பதால் அதன் வரிகளுக்கு வேறு முகம். இரும்புக் கதவிலோ பீரோவிலோ சீப்பு இழுத்து மரவரி போடுபவர் இதை அறிந்திருந்தால், கதவின் நிலைச்சட்டத்தில் நேர்வரியும் பலகையில் கோபுர வரியும் போடுவார். அறியாவிட்டால் எந்த மரத்திலும் இல்லாத வரி வந்துவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் எங்கோ இடிக்கிறது என்று கண்ணுக்குப் பட்டுவிடும்.

சுவரின் மூச்சு

தோற்றம் ஒருபுறம் இருக்கட்டும். சென்னையில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மயிலாப்பூரின் மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர்களும், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் தளமும் கொண்டவை. அடித்தளத்தில் ஈரத் தடுப்பு எதுவும் கிடையாது. நிலத்தடி நீர் செங்கல்லின் நுண்குழாய்கள் வழியாக மேலேறும். சுவரில் ஓதம் ஏறுகிறது என்று நாம் சொல்வது இதுதான். கடலோர மண்ணின் உப்பும் அதோடு சேர்ந்து ஏறும். சுண்ணாம்புப் பூச்சு தன் துளைகள் வழியாக அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடுவதால் சுவர் நனைவதும் காய்வதுமாகக் காலம் தள்ளும்.

அந்தச் சுவரைச் சுரண்டிச் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, அதன் மேல் டெக்ஸ்சர் அடித்தால் என்ன ஆகும்? எமல்ஷனில் மிதக்கும் பிளாஸ்டிக் துளிகள், தண்ணீர் ஆவியானதும் ஒன்றோடொன்று நெருங்கி உருகிச் சேர்ந்து தொடர்ச்சியான படலமாகின்றன. ஒரு கோட் 30, 40 மைக்ரான்தான் இருக்கும், ஆனாலும் ஈரம் வெளியேறும் வழி குறுகிவிடும். சிமென்ட்டும் சுண்ணாம்பு அளவுக்கு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தேங்கிய நீர் மெல்ல ஆவியாகும்போது, கரைந்திருந்த உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகிறது. வளரும் படிகம் தரும் அழுத்தம் செங்கல்லையே பொடியாக்க வல்லது. இரண்டு மழைக்காலம் போனதும் சுவர் பொரிந்து, கொப்புளம் போட்டு, தட்டினால் பொத்தலாகச் சத்தம் கொடுக்கும். வீட்டுக்காரர் பெயின்டைக் குறை சொல்வார். குறை பெயின்டில் இல்லை, பொருத்தத்தில்தான்.

கான்கிரீட் தூணும் சிமென்ட் பூச்சுமாக எழும்பிய புதிய அடுக்ககத்தில் இதே டெக்ஸ்சர் நன்றாக உழைக்கும். அங்கே ஈரத் தடுப்பு அடித்தளத்திலேயே இருக்கிறது, படலத்துக்குப் பின்னாலிருந்து தள்ள எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கும் பலவீனங்கள் உண்டு. கால்சியம் கார்பனேட் அமிலம் பட்டால் கரையும். எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் தெறிக்கும் சமையல் மேடைக்கு அது ஏற்றதல்ல. நாள் பிடிக்கும், கூலி கூடும், கை தெரிந்தவர் வேண்டும். சூழலுக்கு அது தரும் லாபமும் உண்மையானது. சிமென்ட் கிளிங்கருக்கு 1,450 டிகிரி வெப்பம் தேவை, சுண்ணாம்புக்கு 900 போதும். சுடும்போது கல்லிலிருந்து வெளியேறிய வாயுவில் பெரும்பகுதியை இறுகும்போது சுண்ணாம்பு திரும்ப வாங்கிக்கொள்கிறது. எரிபொருளின் புகை மட்டும் கணக்கில் நிற்கும்.

உங்கள் வீட்டுச் சுவருக்கு

பழைய வீடு வைத்திருப்பவர்கள் முதலில் சுவர் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒரு சில்லை எடுங்கள். சாம்பல் நிறமாக, ஆணியால் கீறினாலும் எளிதில் கொடுக்காமல் இருந்தால் சிமென்ட். வெள்ளையாகவோ செங்கல் பொடி கலந்து இளஞ்சிவப்பாகவோ, நகம் பட்டால் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் சுண்ணாம்பு. பல கோட் பெயின்டுக்கு அடியில் வழவழப்பான வெண்தளம் தென்பட்டால் அது கூழாங்கல்லால் மெருகேற்றிய பூச்சாக இருக்கலாம். அங்கே உளிக்கும் உப்புத்தாளுக்கும் வேலை இல்லை.

புதிதாகச் சுண்ணாம்பு பூசுகிறவர்கள் அது கல்லாகிவிட்டதா என்று பார்க்க ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டாம். ஆய்வாளர்கள் பினாப்தலின் தெளித்து, இளஞ்சிவப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவப்பாவது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே வினை இங்கும் உதவும். ஓரத்தில் சிறு துணுக்கைப் பெயர்த்து, உடைந்த முகத்தில் மஞ்சள் குழைத்துத் தடவுங்கள். ஆழ்ந்த சிவப்பு வரும் பகுதி இன்னும் காரமாகவே இருக்கிறது, அதாவது ஹைட்ராக்சைடு மிச்சம் இருக்கிறது. வெளிப்புறத்திலிருந்து மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும் பகுதி கார்பனேட்டாகிவிட்டது. இரண்டுக்கும் இடையிலான கோடு மாதா மாதம் உள்ளே நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்த அறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களிலேயே தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களுக்கு அடியிலிருந்த சுண்ணாம்புப் பூச்சை ஆராய்ந்தார். அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கான தேசிய மையம் இயங்குகிறது. காரைக்குடிப் பக்கம் முட்டைப் பூச்சுத் தெரிந்த கைகள் இன்றும் வேலை செய்கின்றன. குறைவாக இருப்பது வேலைக்கு அழைப்பவர்கள்தான். ஆண்டுக்கு ஒருமுறைகூட வேலை கிடைக்காத கொத்தனார் தன் மகனுக்கு அதைக் கற்றுக்கொடுக்க மாட்டார். கூழாங்கல்லை எப்போது எடுப்பது, எப்போது நிறுத்துவது என்ற விரலறிவு எந்த ஆய்வறிக்கையிலும் முழுதாக ஏறாது. அது அடுத்த சுவரில்தான் உயிர்வாழும். ஆகவே, பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரை அழைத்துச் சுவரைக் காட்டிய பிறகு கேட்லாகைத் திறக்கட்டும். புது வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறையிலோ தாழ்வாரத்திலோ ஒரே ஒரு சுவரையாவது அவர் கையில் கொடுக்கட்டும்.